தேய்மானமா, தீர்மானமா? – பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளின் டிரைவர் கதை

இந்த முறை கொஞ்சம் கம்ப்யூட்டர் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன். பி.காம். படிக்கிறவனுக்கு கிராஃபிக்ஸ் கார்டு பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்களுக்கு: இது பாதி கம்ப்யூட்டர், பாதி கணக்குப் பதிவியல். அதனால் இரண்டு பக்கத்து ஆட்களும் திட்டலாம் :-)

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று "வேலை செய்யவில்லை" என்று தூக்கிப் போடப்படும்போது, பல சமயம் கார்டில் ஒரு பழுதும் இருக்காது. ஃபேன் சுற்றும், சில்லு நன்றாக இருக்கும், மெமரியும் நன்றாக இருக்கும். அதை ஓட்டுவதற்கான டிரைவர் என்ற கோப்புதான் இருக்காது. அந்தக் கோப்பை இனி தருவதா வேண்டாமா என்பதை எங்கோ ஒரு கம்பெனி முடிவு செய்கிறது. காசு கொடுத்து வாங்கிய நமக்கு அதில் எந்தப் பேச்சும் இல்லை. கார்டோடு சேர்த்து டிரைவருக்கும்தான் நாம் விலை கொடுத்தோம். அதனால் அந்தக் கடைசி டிரைவரைக் காலத்துக்கும் கிடைக்கச் செய்வது கம்பெனியின் கடமை. இதுதான் இந்தப் பதிவின் சாரம்.

டிரைவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

கிராஃபிக்ஸ் கார்டுக்கு விண்டோஸ் பாஷை தெரியாது. விண்டோஸுக்கு அந்தக் கார்டின் உள் அமைப்பு தெரியாது. நடுவில் நின்று வேலை வாங்குவது டிரைவர். அது இல்லாவிட்டால் திரை முழுக்க இருண்டு போகாது. விண்டோஸ் தன் கையிருப்பில் உள்ள பொது டிரைவரைப் போட்டு ஒப்பேற்றும். டிவைஸ் மேனேஜரில் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று தெரிந்தால் உங்கள் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நிலையில் திரையின் சரியான ரெசல்யூஷன் கிடைக்காமல் எழுத்து பூதாகரமாகவோ மங்கலாகவோ தெரியலாம். வீடியோ ஓட்டும் வேலை மொத்தமும் பிராசஸர் தலையில் விழும். ஆன்லைன் வகுப்பு வீடியோ திக்கித் திக்கி ஓடும். இரண்டாவது மானிட்டர் வேலை செய்யாது. ஸ்லீப்புக்குப் போன கம்ப்யூட்டர் எழுந்திருக்க அடம் பிடிக்கலாம். கேம் பற்றிப் பேசவே வேண்டாம். ஆக, "கேம் ஆடுறவனுக்குத்தானே இந்தக் கவலை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கொஞ்சம் கணக்கு

முதல் வருடப் பாடத்தில் தேய்மானம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. சொத்தின் மதிப்பு ஏன் குறைகிறது என்று வரிசையாகக் காரணம் எழுதச் சொல்வார்கள்: பயன்பாட்டால் வரும் தேய்வு, காலம் கடந்து போவது, விபத்து, வழக்கொழிதல். கம்ப்யூட்டருக்கு வருமான வரிக் கணக்கில் 2017-18 நிதியாண்டிலிருந்து 40 சதவீதத் தேய்மானம். அதற்கு முன்பு 60. குறைந்துசெல் மதிப்பு முறையில் 10,000 ரூபாய் கார்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முதல் வருட முடிவில் 6,000, பிறகு 3,600, பிறகு 2,160, பிறகு 1,296, ஐந்தாம் வருட முடிவில் 778 ரூபாய்.

இந்த முறையில் ஒரு வேடிக்கை, மதிப்பு எவ்வளவு குறைந்தாலும் பூஜ்யத்தைத் தொடவே தொடாது. ஏட்டில் ஏதோ ஒட்டிக்கொண்டே இருக்கும். நிஜத்தில் டிரைவர் போய்விட்டால் ஒரே நாளில் பூஜ்யம். இதை எந்தக் காரணத்தின் கீழ் எழுதுவது? தேய்வு இல்லை. விபத்து இல்லை. வழக்கொழிதல் என்று எழுதலாம்தான். ஆனால் பாடத்தில் சொல்கிற வழக்கொழிதல், அதைவிட நல்ல பொருள் வந்ததால் பழசு வேண்டாததாகிப் போவது. டைப்ரைட்டர் மாதிரி. இங்கே அந்தக் கார்டு இன்னும் ஒருவருக்கு வேண்டியிருக்கிறது, அவர் வேலைக்குப் போதுமானதாகவும் இருக்கிறது. அதை நிறுத்தியது ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவு. என்னைக் கேட்டால் இதற்குப் பெயர் தேய்மானம் இல்லை, தீர்மானம்.

இன்னொன்றும் கவனியுங்கள். கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணைப்படி டெஸ்க்டாப், லேப்டாப் போன்றவற்றின் ஆயுள் 3 வருடம். ஆபீஸ் கணக்கில் அதோடு அது முடிந்தது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் அங்கே சாவதில்லை. செகண்ட் ஹேண்ட் கடைக்கு வருகிறது, அங்கிருந்து ஒரு ஹாஸ்டல் அறைக்கோ டியூஷன் சென்டருக்கோ சின்ன டிடிபி கடைக்கோ போகிறது. ஏட்டில் செத்தது வீட்டில் மறுஜென்மம் எடுக்கிறது. டிரைவர் நிற்பது முதலில் வாங்கியவரைத் தொடுவதே இல்லை. அடி விழுவது இரண்டாவது, மூன்றாவது கைக்காரருக்கு. புதுசு வாங்க வசதி இல்லாதவருக்கு.

பழைய கதைகள் சில

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. 1990-களின் பிற்பகுதியில் 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனியின் வூடூ கார்டுகள்தான் கேம் உலகின் ராஜா. அவர்களுடைய வூடூ 5 5500 கார்டு 2000-ம் ஆண்டு நடுவில் 299 டாலருக்கு வந்தது. அதே வருடம் டிசம்பரில் கம்பெனியின் சொத்துகளை என்விடியா வாங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. 2002-ல் 3டிஎஃப்எக்ஸ் திவால். நடுவில் 2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, கார்டு வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகாதவர்களுக்கு முழுமையான டிரைவர் தர ஆள் இல்லை. அந்தக் கார்டுகளின் ரசிகர்களே பழைய டிரைவரைத் திருத்தித் திருத்தி எக்ஸ்பியில் ஓட வைத்தார்கள். கம்பெனி செய்ய வேண்டிய வேலையை, சம்பளம் இல்லாமல், வாடிக்கையாளர் செய்த கதை அது.

அது மூழ்கிய கம்பெனி, போகட்டும். நன்றாக இருக்கும் கம்பெனிகள்?

ஏஎம்டி (ஏடிஐ கம்பெனியை 2006-ல் வாங்கியது இவர்கள்தான்) ரேடியான் எச்டி 2000, 3000, 4000 வரிசைகளை 2012-ல் பழைய பட்டியலுக்குத் தள்ளியது. எச்டி 5000, 6000 வரிசைகளை 2015 நவம்பரில். எச்டி 7000-லிருந்து ஆர்9 300, ஃபியூரி வரைக்கும் 2021 ஜூனில். என்விடியாவில் ஜீஃபோர்ஸ் 8, 9, 200, 300 வரிசைகளுக்குக் கடைசி டிரைவர் 342.01, வந்தது 2016 டிசம்பரில். 400, 500 வரிசைகளுக்குக் கடைசி 391.35, 2018 மார்ச்சில். கெப்ளர் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2021 ஆகஸ்டோடு நின்றது, பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 செப்டம்பர் வரை. 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசைக்கும் 2016-ல் வந்த 1000 வரிசைக்கும் 2025 அக்டோபரோடு அதே கதி. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த 1000 வரிசையில் உள்ள ஜிடிஎக்ஸ் 1060, 2017 இறுதியிலிருந்து 2022 வரை ஸ்டீம் கணக்கெடுப்பில் உலகிலேயே அதிகம் பேர் வைத்திருந்த கார்டு.

நியாயமாகச் சொன்னால் 900 வரிசைக்கு 11 வருடம் டிரைவர் வந்திருக்கிறது. மொபைல் ஃபோன்காரர்கள் வெட்கப்பட வேண்டிய காலம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் எல்லாக் கார்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

மாவு பழசு, பாக்கெட் புதுசு

ரேடியான் ஆர்5 230 என்று ஒரு மலிவு கார்டு. 2014-ல் புத்தம் புதிய பெயரில், புதிய பெட்டியில் வந்தது. உள்ளே இருந்த சில்லு 2011-ன் எச்டி 6450 கார்டில் இருந்த அதே சில்லு. 2015 நவம்பரில் எச்டி 6000 வரிசையைப் பழைய பட்டியலில் போட்டபோது, ஆர்5 230-ம் கூடவே போனது. வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை! கடையில் வாங்கியவருக்கு அது 2014 மாடல். கம்பெனிக்கு அது 2011 மாடல்.

என்விடியா பக்கமும் சுத்தம் இல்லை. அதே 2014-ல் வந்த ஜிடி 730 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சில்லுகள் போட்ட கார்டுகள் விற்றன. சிலவற்றில் கெப்ளர் தலைமுறைச் சில்லு, ஒரு வகையில் அதற்கும் முந்தைய ஃபெர்மி சில்லு. பெட்டியில் ஒரே பெயர். ஃபெர்மி வாங்கியவருக்கு 2018-ல் டிரைவர் நின்றது, கெப்ளர் வாங்கியவருக்கு 2021 வரை வந்தது. ஜிடி 610-ம் அப்படித்தான்: பெயர் 600 வரிசை, சில்லு ஃபெர்மி.

மருந்துக் கடையில் ஒரே பெயரில் இரண்டு காலாவதித் தேதி உள்ள மாத்திரையைத் தேதி அச்சிடாமல் விற்றால் சும்மா விடுவோமா? இங்கே அதுதான் நடந்தது. இதில் சட்டமீறல் இருக்கிறதா என்று எனக்குள் இருக்கும் பிசினஸ் லா மாணவன் தேடிப் பார்த்தான். பெட்டியில் "இத்தனை வருடம் டிரைவர் தருவோம்" என்று வாக்குக் கொடுத்திருந்தால்தானே மீற முடியும்? வாக்கே கொடுக்கவில்லை. அதுதான் சாமர்த்தியம்.

கோப்பையே எடுத்துவிட்டால்?

புது டிரைவர் எழுதாமல் விடுவது ஒன்று. எழுதி வைத்த பழைய டிரைவரையும் எடுத்துவிடுவது வேறு. 2019 நவம்பரில் இன்டெல் தன் பதிவிறக்கத் தளத்திலிருந்து 1990-களிலும் 2000-களின் முதல் பாதியிலும் வந்த பல பொருட்களின் பயாஸ், டிரைவர் கோப்புகளை நீக்கியது. முன்கூட்டியே அந்தப் பக்கங்களில் அறிவிப்புப் போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் 15 வருடம் பழைய மதர்போர்டு வைத்திருப்பவர் தினமும் இன்டெல் தளத்துக்குப் போய் நோட்டீஸ் படித்துக்கொண்டா இருப்பார்?

புது டிரைவர் எழுதச் செலவு ஆகும், ஒப்புக்கொள்கிறேன். பொறியாளர் சம்பளம், ஒவ்வொரு கார்டிலும் ஒவ்வொரு விண்டோஸிலும் சோதனை, எல்லாம் காசு. ஆனால் ஏற்கெனவே எழுதிய சில நூறு எம்பி கோப்பை ஒரு சர்வரில் வைத்திருக்க என்ன பெரிய செலவு? கம்பெனியின் வருடாந்திர அறிக்கையில் அந்தத் தொகையை பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். கோப்பை எடுத்தால் கம்பெனிக்கு மிச்சமாவது காசு பெறாது. வாடிக்கையாளருக்கோ பொருளே போகிறது.

இதில் பெரிய ஆபத்து வேறு. கம்பெனி தளத்தில் இல்லாவிட்டால் மனிதர் எங்கே தேடுவார்? கூகுளில் வரும் முதல் தளத்தில். "ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்" என்று பச்சைப் பொத்தான் மின்னும். டிரைவர் என்பது விண்டோஸின் மையப் பகுதியில், கெர்னலில் உட்கார்ந்து ஓடும் நிரல். அங்கே திருடனை உட்கார வைத்தால் வீட்டுச் சாவியோடு பீரோ சாவியையும் கொடுத்த மாதிரி. நெட் பேங்கிங் செய்கிற கம்ப்யூட்டரில் அதைச் செய்யத்தான் மக்களைத் தள்ளுகிறார்கள்.

சரி, இப்போது கார்டு கையில் இருக்கிறது. என்ன செய்வது?

புலம்பல் மட்டும் போதாது என்பதால், நடைமுறையில் உதவும் வழியையும் சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் கம்ப்யூட்டர்களில் நான் செய்கிற வரிசை இது.

1. ஸ்டிக்கரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் போய், கார்டின் மேல் ரைட் கிளிக், ப்ராபர்டீஸ், அதில் டீடெய்ல்ஸ், பட்டியலில் ஹார்ட்வேர் ஐடீஸ். அங்கே கம்பெனிக்கு ஓர் எண், சில்லுக்கு ஓர் எண் இருக்கும். கம்பெனி எண் 1002 என்றால் ஏடிஐ அல்லது ஏஎம்டி. 8086 என்றால் இன்டெல் (அவர்களுடைய புகழ்பெற்ற பழைய பிராசஸரின் எண்ணையே வைத்துக்கொண்டார்கள்!). 10டிஇ என்றால் என்விடியா. சில்லு எண்ணைக் கூகுளில் போட்டால் உண்மையான தலைமுறை தெரிந்துவிடும். ஜிடி 730 குழப்பமெல்லாம் இங்கே தீரும்.

2. கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் பெயர் பெரும்பாலும் போர்டு செய்தவருடையது. டிரைவர் தருபவர் சில்லு செய்தவர். அதனால் சில்லு கம்பெனியின் தளத்தில் பழைய டிரைவர் பகுதியைத் தேடுங்கள். பழைய லேப்டாப் மட்டும் விதிவிலக்கு. அதிலும் இரண்டு கிராஃபிக்ஸ் மாறி மாறி ஓடும் மாடல் என்றால் லேப்டாப் கம்பெனி தளத்தில் உங்கள் மாடலுக்கு என்று உள்ளதை முதலில் பாருங்கள்.

3. விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்று பாருங்கள். மாற்றிப் போட்டால் ஏறவே ஏறாது. என்விடியாவும் ஏஎம்டியும் 32 பிட் விண்டோஸுக்கு வழக்கமான புது டிரைவர் தருவதை 2018-லேயே நிறுத்திவிட்டன.

4. விண்டோஸ் அப்டேட்டை ஒருமுறை ஓட விட்டுப் பாருங்கள். கம்பெனி தளத்தில் விண்டோஸ் 10-க்கு இல்லை என்று சொல்லும் எச்டி 4000 வரிசை ரேடியான் கார்டுகளுக்குக்கூட மைக்ரோசாஃப்ட் வழியாக ஒரு டிரைவர் வந்ததுண்டு. தானாக வரவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற தளத்தில் உங்கள் ஹார்ட்வேர் ஐடியைப் போட்டே தேடலாம். வெளித் தளங்களைவிட இது ஆயிரம் மடங்கு பத்திரம்.

5. பழைய டிரைவரின் மிச்சம் மீதி இருந்தால் புதுசு தகராறு செய்யும். முதலில் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்று போட்டுவிட்டு, சேஃப் மோடில் போய், டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளால் துடைத்துவிட்டுப் பிறகு புதுசைப் போடுங்கள். அந்த நேரத்தில் நெட்டைத் துண்டித்து வையுங்கள். இல்லாவிட்டால் நாம் ஒன்று போடுவதற்குள் விண்டோஸ் வேறொன்றைப் போட்டுவிடும்.

6. "பொருத்தமான ஹார்ட்வேர் இல்லை" என்று செட்டப் அடம் பிடித்தால், கோப்பைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் போய், பட்டியலிலிருந்து நானே தேர்கிறேன் என்பதைத் தேர்ந்து, ஹாவ் டிஸ்க் கொடுத்து ஐஎன்எஃப் கோப்பைக் காட்டுங்கள். விண்டோஸ் 7, 8-க்கு வந்த டிரைவர் 10-ல் இப்படி ஏறுவது உண்டு. எக்ஸ்பி காலத்து டிரைவர் ஏறாது. அந்த முறையையே விண்டோஸ் 8 (2012) முழுக்கக் கைவிட்டுவிட்டது.

7. கோப்பின் ப்ராபர்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கையெழுத்து இல்லாத டிரைவரை ஏற்ற விண்டோஸின் பாதுகாப்பை நிரந்தரமாக அணைத்து வைக்கச் சொல்லும் யோசனைகளை, பேங்க் வேலை நடக்கும் கம்ப்யூட்டரில் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் கார்டே போலியாக இருக்கலாம். ஹாஸ்டல் நண்பன் ஒருவன் செகண்ட் ஹேண்டில் ஒரு கார்டு வாங்கி வந்தான். கடை பெயர் வேண்டாம். எந்த டிரைவர் போட்டாலும் திரை கறுத்துவிடும். மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகு பார்த்தால், பழைய சில்லின் பயாஸைத் திருத்தி புது மாடல் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்! பெயரை நம்பிப் புது டிரைவர் போட்டால் எப்படி ஓடும்? ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் 2018-ல் வந்த 2.12 பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட போலி என்விடியா கார்டுகளைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

லினக்ஸ் போட்டால் சரியாகிவிடுமா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும் :-) பதில்: கார்டைப் பொறுத்தது. ஏஎம்டி 2007-ல் தன் சில்லுகளின் தொழில்நுட்ப விவரங்களை வெளியிட ஆரம்பித்தது. அதன் பலன், 2015-லேயே விண்டோஸில் கைவிடப்பட்ட எச்டி 5000 வரிசை கார்டுகளுக்கு லினக்ஸில் இன்றும் திறந்த மூல டிரைவர் இருக்கிறது. தனியாகத் தேடி நிறுவக்கூட வேண்டாம், லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. கம்பெனி போன பிறகும் கார்டு வாழ்கிறது.

என்விடியா கதை வேறு. நூவோ என்ற திறந்த மூல டிரைவரை ஆர்வலர்கள் கார்டின் நடத்தையைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அதிலும் 900, 1000 வரிசைகளில் கம்பெனி கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் இருந்தால்தான் கார்டின் வேகத்தைக் கூட்ட முடியும். அது வெளியாருக்குக் கிடைக்கவில்லை. அதனால் நூவோவில் அந்தக் கார்டுகள் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது இருக்கும் ஆமை வேகத்திலேயே ஓடும். 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது, நல்ல காரியம். ஆனால் அது அடுத்த தலைமுறையான டூரிங்கிலிருந்துதான். ஆக, 2025-ல் டிரைவர் நின்ற 900, 1000 வரிசைகள் சரியாக நடுப் பள்ளத்தில் விழுகின்றன. பழைய வழியும் இல்லை, புது வழியும் இல்லை. அந்தக் கையெழுத்தைப் போடும் அதிகாரம் ஒரே ஒருவர் கையில் இருக்கிறது. அவர் மனது வைத்தால் கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கார்டுகள் பிழைக்கும்.

கம்பெனி தரப்பு வாதம்

"காலத்துக்கும் பழசையே கட்டிக்கொண்டு அழ முடியுமா?" முடியாதுதான். பழைய கார்டுக்குப் புது கேம் ஓட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விண்டோஸ் மாறிக்கொண்டே இருப்பது சில்லு கம்பெனியின் குற்றமும் இல்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11-ன் குறைந்தபட்சத் தேவைகளில் டைரக்ட்எக்ஸ் 12-ம் 2.0 வகை டிரைவரும் இருக்கின்றன (பிராசஸர், டிபிஎம் தொல்லை தனி). டிரைவர் பழையதாக நின்றுபோன கார்டு அங்கே வாசலிலேயே தடுக்கப்படும். இருவரும் ஒருவரை ஒருவர் கை காட்டலாம். நடுவில் நிற்பது நாம்.

அதனால் என் கோரிக்கை சின்னது, மூன்றே மூன்று.

ஒன்று, பெட்டியில் தேதி போடுங்கள். உள்ளே இருப்பது எந்தத் தலைமுறைச் சில்லு, எந்த வருடம் வரை டிரைவர் தருவீர்கள் என்று அச்சிடுங்கள். இது நடக்காத காரியம் இல்லை. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் ஸ்மார்ட்ஃபோன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் ஓஎஸ் அப்டேட் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஃபோனுக்கு முடியும் என்றால் கார்டுக்கும் முடியும்.

இரண்டு, கடைசி டிரைவரைக் கம்பெனி இருக்கும் வரை தளத்தில் வையுங்கள். கம்பெனியை விற்றால் வாங்குபவர் அந்தப் பொறுப்பையும் சேர்த்து வாங்கட்டும். வாரன்டி செலவுக்கு இன்றே ஒதுக்கீடு வைக்கச் சொல்லி ஏஎஸ் 29 கணக்குத் தரநிலை எங்களுக்குப் பாடம் நடத்துகிறது. விற்ற பொருளின் மேல் பிற்காலப் பொறுப்பு உண்டு என்பதை வணிக உலகம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விஷயம்தான்.

மூன்று, நீங்கள் கைவிடும்போது மற்றவரைத் தடுக்காதீர்கள். சில்லின் விவரங்களையும் தேவையான ஃபர்ம்வேரையும் வெளியிட்டுவிட்டுப் போங்கள். 3டிஎஃப்எக்ஸ்கூட 1999 டிசம்பரில் தன் கிளைட் மென்பொருளைத் திறந்து கொடுத்தது. முழுகப் போகிற கம்பெனிக்கு இருந்த பெருந்தன்மை, கொழிக்கிற கம்பெனிகளுக்கு இருக்கக் கூடாதா?

நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அதே வருடம் டிசம்பரில் இணையதளமும் வந்தது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். ஸ்க்ரூவும் உதிரி பாகமும் பற்றிய பேச்சு நிறைய. டிரைவரும் ஓர் உதிரி பாகம்தான் என்பதை யாராவது அங்கே உரக்கச் சொல்ல வேண்டும். மற்ற உதிரி பாகத்தை அச்சு வைத்து வெளியே செய்துகொள்ளலாம். இதை ஒருவரால்தான் தர முடியும்.

சத்தம் போட்டு என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். 2025 அக்டோபர் இறுதியில் ஏஎம்டி, ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைகளைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றுவதாகச் சொன்னது. 6000 வரிசை வெளியானதே 2020 இறுதியில்தான். வாங்கியவர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே, புது கேம்களுக்கான ஆதரவு அந்தக் கார்டுகளுக்குத் தொடரும் என்று கம்பெனி விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. தீர்மானம் என்பதால்தான் அதை மாற்ற முடிந்தது. தேய்மானம் என்றால் யார் சத்தம் போட்டும் பலன் இல்லை.

அதுவரை நாம் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தக் கோப்பை இன்றே கம்பெனி தளத்திலிருந்து இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு, மேலே கார்டின் பெயர் எழுதி பத்திரமாக வையுங்கள். பத்து நிமிட வேலை. கார்டை விற்றால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். உங்களுக்குப் பிறகு வாங்குபவர் யாரோ, அவர் உங்களை வாழ்த்துவார்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.